மழுங்கடித்த கத்தி

நாத்தனாரோடு நான் தனியாகக் கடைக்குப் போனது அதுதான் முதல் தடவை. என் கணவரின் அக்கா அவர். மூன்று வருடமாக மரக்கரண்டி செதுக்குகிறார். எனக்கும் அந்த ஆசை வந்ததும், கத்தி வாங்கத் தானே கூட வருவதாகச் சொன்னார். எதற்கு வருகிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். கல்யாணமான புதிதில் நான் தைத்த திரைச்சீலையைப் பார்த்துவிட்டு, இவளுக்குக் கை வராது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். பத்து வருடமாக அவர் பேச்சு எதையும் திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கடையில் சிவப்புப் பிடி போட்ட பன்னிரண்டு கத்திகள் ஒரே பெட்டியில் மலிவாக இருந்தன. நான் கை நீட்டுவதற்குள் அவர் அதை ஒதுக்கினார்.

"பன்னெண்டும் தகரம். உனக்கு ஒண்ணு போதும்."

அந்த 'உனக்கு' உறுத்தியது.

அதே விலைக்கு ஒற்றைக் கத்தி ஒன்றைத் தேடி எடுத்தார். கட்டைவிரல் நீள அலகு, பாலிஷ் போடாத பிடி. அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிப் பார்த்தார். பில் காகிதத்தில் வைத்ததும் கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. வீட்டுக்காரர் இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார் கடைக்காரர். நாத்தனார் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

கற்றுக்கொள்ளப் போகிறவளிடம் இவ்வளவு கூரானதை யாராவது கொடுப்பார்களா? விரலை வெட்டிக்கொண்டு ஓரமாக உட்காரட்டும் என்றுதானே? வீட்டுக்கு வந்ததும் வாசல்படியில் வைத்து அலகைத் தேய்தேய் என்று தேய்த்தேன். கூர் போன பிறகுதான் மூச்சு வந்தது.

மறுநாள் மரத்தில் கத்தி ஏறவே இல்லை. உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு வந்து இடது கட்டைவிரலில் இறங்கியது.

சனிக்கிழமை நாத்தனார் வந்தார். என் விரலில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். கத்தியை எடுத்து நகத்தின் மேல் ஓட்டினார், வழுக்கியது. மழுங்கின கத்திதான் கையை வெட்டும், கடைக்காரன் வேறு கத்தியை மாற்றி நம் தலையில் கட்டிவிட்டான், இன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று செருப்பை மாட்டினார். எனக்காக ஒருவரோடு சண்டைக்குப் போகிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியாது.

"அவர் மேல தப்பில்லக்கா. நான்தான் தேய்ச்சேன்."

"ஏன்?"

"நான் வெட்டிக்கட்டும்னுதான் கூரா பாத்து எடுத்தீங்கன்னு நெனச்சேன்."

அவர் செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்து, தன் பையிலிருந்து சொந்தக் கத்தியை எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"இது அதைவிடக் கூர். சந்தேகமா இருந்தா வாங்காத."

வாங்கினேன். மரத்தில் வைத்து மெல்ல இழுத்ததும் ஒரு சுருள் உரிந்து மடியில் விழுந்தது. நிமிர்ந்தேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.