ஏழு உளிகள் தீட்டப்பட்டன

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரியிலிருந்து வந்தது. மரவேலை மாலை வகுப்பின் செய்முறைக் குறிப்பேட்டில், 1974 செப்டம்பர் 15, ஞாயிறு என்ற தேதிக்கு நேரே நான் எழுதிய வரி: "ஏழு உளிகள் தீட்டப்பட்டன." வகுப்பு எடுக்கும் கிருபை சார் பக்கத்தில் சிவப்பு மையால் சரி போட்டு, 'நன்று' என்றும் எழுதியிருக்கிறார். அந்த 'நன்று' கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

திங்கட்கிழமை தொடங்கி இன்று வெள்ளி. இது ஐந்தாவது தொடக்கம். முந்தைய நான்கும் கீழே இருக்கின்றன. கிழித்துப் போட்டால் நோட்டு தளர்ந்துவிடும்.

"தூத்துக்குடிக் கடற்கரையில் சூரியன் —" (சூரியனுக்கு இதில் வேலை இல்லை.)

"உளியின் பாகங்கள் மூன்று: வாய், உடல், —" (பரீட்சை விடை.)

"விளாத்திகுளத்திலிருந்து வந்த செல்வதுரை என்ற வாலிபன் —" (இவனைப் பற்றிப் பிறகு.)

"மன்னிக்க வேண்டும், —" (கமாவுக்குப் பிறகு யார் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை.)

2

தேவையான விவரங்களை வரிசையாகத் தருகிறேன். எனக்கு வரிசைதான் வரும்.

என் பெயர் சுந்தர்சிங். ஊர் நாசரேத், வயது இருபத்திரண்டு. பெஞ்சு செய்வேன், அலமாரி செய்வேன், தோணி தெரியாது. ஒரு மாதத்துக்கு முன் இங்கே தூத்துக்குடியில் ஒரு தோணிப் பட்டறையில் கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. காலையில் கருவிகளை எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் திரும்ப வாங்கி வைக்க வேண்டும்.

மனுவேல் அண்ணாச்சியும் ரோச் அண்ணாச்சியும் அங்கே கலப்பத்து வேலைக்காரர்கள். கலப்பத்து என்பது, தோணிப் பலகைகளுக்கு இடையில் இருக்கும் சந்தில் பஞ்சுத் திரியை அடித்து இறுக்கி, மேலே குங்கிலியம் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பது. பதினொரு வருஷமாக இருவரும் ஜோடி. தோணிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவருடைய கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல், உளித்தலையில் விழும்போது மற்றவருடையது மேலே இருக்கும். பார்த்துச் செய்ய முடியாது, நடுவில் ஒரு தோணி நிற்கிறது. காதால் கேட்டுத்தான் செய்கிறார்கள்.

(மனுவேல் அண்ணாச்சி முன்கோபக்காரர். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் இறங்கி வரமாட்டார். இந்த இரண்டு வரியையும் இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.)

3

சனிக்கிழமை சாயங்காலம் மனுவேல் அண்ணாச்சி தன் உளிப்பெட்டியை என் மேசையில் வைத்துச் சொன்னது இது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

"ஏலே சுந்தரு, உளிய எல்லாம் பாத்து வையி, என்ன. திங்கக்கெழம பெரிய சந்து அடிக்கணும்."

நான் பழகிய பட்டறையில் உளியைப் பார்த்து வை என்றால் தீட்டி வை என்று அர்த்தம். சைக்கிளைப் பார்ப்பது, ரேடியோவைப் பார்ப்பது மாதிரி. அவர் சொன்னது, பத்திரமாக வை. அவ்வளவுதான்.

'பாத்து' கைவிட்டது. 'உளி'யாவது காப்பாற்றியிருக்கலாம், அதுவும் இல்லை. மரவேலைக்காரனின் உளி வெட்ட வேண்டும். கலப்பத்து உளி வெட்டவே கூடாது. அதன் வாய் ஒரு நாணயத்தின் ஓரம் போலக் கனமாக, மழுங்கலாக இருக்க வேண்டும். திரியை உள்ளே தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. கூர்மையாக இருந்தால் திரி அறுந்துவிடும், பலகை ஓரமும் சிதையும். இவ்வளவு வித்தியாசம் உள்ள இரண்டு சாமான்களுக்கு ஒரே பெயர் வைத்த ஆள் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.*

* எழுதிய பிறகு யோசித்தேன். பெயர் வைத்தவர் மேல் பழியைப் போடுவது சுலபம். ஏழு உளியும் ஒன்றுபோல மழுங்கியிருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது இரக்கம்: பாவம், இந்த ஊரில் யாருக்குமே தீட்டத் தெரியவில்லை.

4

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பட்டறைக்குப் போனேன். (ஓய்வுநாளில் வேலை செய்ததற்கான தண்டனையா இது என்று ஒரு பத்தி எழுதினேன். கடவுளையும் இதற்குள் இழுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.)

மிதி சாணையில் ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து டிகிரிச் சாய்வு எடுத்தேன். இரும்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடாதபடி அடிக்கடி தண்ணீரில் தோய்த்தேன். பிறகு எண்ணெய்க்கல்லில் தேய்த்துப் பிசிறு எடுத்தேன். சாயங்காலம் வரை ஆயிற்று. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. வருத்தம் என்னவென்றால் இதுவும் உண்மைதான்.

5

திங்கள் காலை மனுவேல் அண்ணாச்சி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிப் போனார். சந்தில் திரியை வைத்தார். உளியை எடுத்தார். அடிக்கும் முன் கட்டைவிரலால் அதன் வாயை ஒரு துடை துடைப்பது அவர் வழக்கம். துடைத்தார்.

விரலில் ரத்தம் கொட்டியது. தோணியின் அந்தப் பக்கத்திலிருந்து ரோச் அண்ணாச்சியின் குரல் வந்தது.

"என்னவே, அடியக் காணோம்?"

"இங்கன வாரும். வந்து உம்ம வேலையப் பாரும்."

ரோச் அண்ணாச்சி சுற்றி வந்தார். உளியை வாங்கித் தன் முன்கை முடியில் வைத்து இழுத்தார். முடி சுத்தமாக வந்தது. சிரித்துவிட்டார்.

"நல்லாத்தாம்வே தீட்டிருக்கு. சவரமே பண்ணலாம் போலுக்கு."

"சிரிக்கீரு. தெரியாதவன், சாமான் எடுத்துக் குடுக்குத பய, இம்புட்டு நேத்தியா தீட்டுவானா? ஏழு வாயும் ஒரே சாய்வு. இது தொழில்காரன் கையி."

"அதுக்கு?"

"வெள்ளிக்கெழம உம்ம சந்து ஒழுகும்னு சொன்னேம்லா. அதுக்குப் பதிலாக்கும் இது."

"பேச்ச அளந்து பேசும் மனுவேலு. உம்ம உளியில கை வைக்க எனக்கென்ன கிறுக்கா?"

"அப்பம் மாதா மேல சத்தியம் பண்ணும்."

ரோச் அண்ணாச்சி உளியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். வாய்ப்பக்கம் யாருக்கும் படாதபடி திருப்பி வைத்தார்.

"பதினோரு வருசம் கழிச்சு சத்தியம் கேக்குத ஆளுக்கு நான் பண்ண மாட்டேன். இந்தச் சனிக்கெழம மத்தியானம் வரைக்குந்தான் இங்கன. பொறவு கீழக்கரையில பட்டறை இருக்கு."

நான் ஆறடி தூரத்தில் குங்கிலியச் சட்டியோடு நின்றேன். வாயைத் திறந்தேன். ஆனால் 'தொழில்காரன் கையி' என்று கேட்டதும் மூன்று விநாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மூன்று விநாடி முடிந்தபோது பேசும் நேரமும் போய்விட்டது.

அன்று முழுக்க மனுவேல் அண்ணாச்சி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஏழு உளியையும் அரத்தால் ராவி மழுக்கினார். மறுநாளிலிருந்து இருவரும் அடிக்கிறார்கள். இரண்டு கொட்டாப்புளியும் ஒன்றாக விழுகின்றன, இல்லாவிட்டால் இரண்டுமே விழுவதில்லை.

6

செல்வதுரை விஷயத்துக்கு வருகிறேன். பழியை அவன் தலையில் வைக்கத்தான் விளாத்திகுளத்திலிருந்து அவனைக் கூட்டி வந்தேன். கரிசல்காட்டு ஆள், கடலைப் பார்த்தது கிடையாது, தவறு செய்ய வசதியானவன். சாணை முன்னால் உட்காரவைத்தேன். அவன் முதல் உளியை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இதை யாரோ வேணும்னே மழுக்கி வச்ச மாதிரில்ல இருக்கு? கேட்டுட்டுத் தீட்டுவமா?" என்கிறான். எத்தனை முறை எழுதினாலும் அதையே கேட்கிறான். நான் உண்டாக்கிய ஆளுக்கு என்னைவிட மூளை அதிகம். பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: உண்மை வெளியே வருகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். (யாரும் சிரிக்க மாட்டார்கள். விரலில் இன்னும் துணி இருக்கிறது.)

இரண்டாவது: ரோச் அண்ணாச்சி போய்விடுகிறார். பல வருஷம் கழித்து அவன் நினைத்து நினைத்து வருந்துகிறான். (அந்த 'அவன்' யார்? மேலும், இது எனக்கு மட்டும் வசதியான முடிவு.)

மூன்றாவது: நேரே போய்ச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவதற்கு முன் செய்தும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பக்கத்தில் போய், "அண்ணாச்சி, அந்த உளி —" என்றேன். "என்னல?" என்றார். "எண்ணெய் வேணுமா?" என்று கேட்டேன். புதனும் அப்படியே. நேற்றும் அப்படியே. அவர் காலடியில் இப்போது மூன்று எண்ணெய் டப்பா இருக்கிறது. இவனுக்கு என்ன கேடு என்பது போலப் பார்க்கிறார்.

7

கோளாறு 'தீட்டப்பட்டன' என்பதில் இருக்கிறது. அதில் உளி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, தேதியும் இருக்கிறது. ஆள் இல்லை. கிருபை சாரும் கேட்கவில்லை. சிவப்பு மைக்குக் கீழே இன்று திருத்தி எழுதினேன்: "மனுவேல் அண்ணாச்சியின் ஏழு உளிகளையும் நான் தீட்டினேன். ரோச் அண்ணாச்சி தொடவில்லை."

இது யாருக்கு எழுதப்படுகிறது என்று இதுவரை சொல்லவில்லை. எனக்கே இப்போதுதான் தெரிந்தது. வெள்ளி சாயங்காலம் மணி ஐந்தரை. உங்கள் உளிப்பெட்டி என் மேசைமேல் இருக்கிறது, அண்ணாச்சி. குறிப்பேட்டையும் இந்த நோட்டையும் உளிகளுக்கு மேலே வைத்து மூடப் போகிறேன். நாளைக் காலை நீங்கள் பார்க்காமல் போக வழியில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு பெட்டியைத் திறந்து பார்க்காமல் நீங்கள் வாங்கிப் போவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

உங்களை முன்கோபக்காரர் என்று எழுதியது இரண்டாம் பகுதியில் அப்படியே இருக்கிறது. கலப்பத்து என்றால் என்ன என்று உங்களுக்கே விளக்கியிருப்பதும் இருக்கிறது. அடிக்க நேரம் இல்லை.

கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என்னை என்ன செய்வது என்பதை அதில் எழுதிக்கொள்ளலாம். பென்சிலும் பெட்டிக்குள் இருக்கிறது. சீவி வைத்திருக்கிறேன். அதையாவது சீவலாம் என்று நினைக்கிறேன்.

நாளை மத்தியானம் வரை ரோச் அண்ணாச்சி தோணிக்கு அந்தப் பக்கம் இருப்பார். நீங்கள் போய்ப் பேசுவீர்களா, மாட்டீர்களா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பேச வராவிட்டால், ஒரு அடி அடித்துவிட்டுக் கொட்டாப்புளியைக் கொஞ்சம் மேலேயே நிறுத்தி வைத்தாலும் அவருக்குப் புரியும். நான் கருவி அறையில்தான் இருப்பேன். அங்கே எல்லா அடியும் கேட்கும்.