நாற்பது நாள் நல்லவன்

தவக்காலத்தில் பொய் சொல்வது இரட்டைப் பாவம் என்று இன்னாசிக்குத் தெரியும். அதனால்தான் பெரம்பூர் டாக்டர், "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்ல டாக்டர்" என்றான். அன்றைக்கு அது சத்தியமான உண்மை. சாம்பல் புதனிலிருந்து முப்பத்தொரு நாளாக ஒரு சொட்டு தொடவில்லை. அதற்கு முந்தைய முப்பது வருஷத்தைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

"நல்லது" என்றார் டாக்டர். "நிறைய குடிச்சிட்டு இந்த மாத்திரையைப் போட்டா ரத்த அழுத்தம் இறங்கி, நின்ன இடத்துல விழுந்துடுவாங்க. உங்களுக்கு அந்தக் கவலை இல்ல. இன்னொண்ணு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வெப்பாங்க, பாத்திருப்பீங்க. இதைப் போட்ட அன்னிக்கு அது உள்ள போனா உயிருக்கே ஆபத்து. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைச் சொல்லிடணும். வெக்கப்படக் கூடாது."

இன்னாசி ஊரார் சமாச்சாரத்தைக் கேட்பதுபோலத் தலையாட்டினான். ராயபுரத்தில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் தெரு முனை டாக்டரிடம் கம்பவுண்டராக இருப்பவர்தான் கோயில் பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் அடுத்த ஞாயிறு பூசைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து இரண்டு பஸ் மாறிப் பெரம்பூர் போனவன், நீல மாத்திரை நான்கோடு வந்து, சுவரில் தொங்கிய அந்தோணியார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

இன்னாசிக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இருபது டன் பெட்டியைப் பூப்போல இறக்கி வைப்பான் என்று பெயர். வீட்டில்தான் இரண்டு வருஷமாக எதுவும் அவன் சொன்னபடி கேட்கவில்லை. டோரதி சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவளோ ஒவ்வொரு முறையும், "பரவால்ல, தூங்குய்யா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்தப் 'பரவால்ல' அவன் காதில் வேலை நேரத்தில்கூடக் கேட்கும்.

தவக்காலம் வந்தால் அந்த வீட்டில் இரண்டு நோன்பு. ஒன்று குடி கிடையாது. இன்னொன்று, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தனித்தனிப் பாய். இரண்டும் ஈஸ்டர் அன்று முடியும். இன்னாசி அந்த நாளுக்காகக் காத்திருந்தான்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷ ஈஸ்டர் பங்குனி வெயிலில் வந்தது. கட்டிக்கொடுத்த மகள் தண்டையார்பேட்டையிலிருந்து காலையிலேயே வந்து, கும்பிட்டு, சாப்பிட்டுக் கிளம்பிவிட்டாள். மிச்சம் இருந்தது டோரதியின் தம்பி ஜோ மட்டும். கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் சப்ளை செய்கிற ஆபீசில் அவனுக்கு வேலை. மத்தியானம் ஒரு மணிக்கு பிரியாணித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சரி மாமா, நான் கிளம்பறேன்" என்று செருப்பை மாட்டினான்.

இன்னாசி அறையைத் தடுத்துக் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போனான். அந்தோணியாரிடம் கண்ணால் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு மாத்திரையைப் பிய்த்துத் தண்ணீரோடு விழுங்கினான். திரையை விலக்கிக்கொண்டு வந்தால், ஜோ போகவில்லை. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"மறந்தே பூட்டேன் மாமா. கப்பல் சரக்கு. ஃபாரின் பிராந்தி. உனக்குன்னே கேப்டன்கிட்ட சொல்லி வாங்கினேன்."

இன்னாசி பாட்டிலை அவன் பக்கமே நகர்த்தினான்.

"இன்னிக்கு வோணாம் ஜோ. அப்பால பாத்துக்கலாம்."

"இன்னாது? நாப்பது நாள் பல்லைக் கடிச்சிகினு இருந்துட்டு, ஈஸ்டர் அன்னிக்கு வோணாமா? உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப குடி. இல்ல, இன்னான்னு சொல்லு."

சொல்லக் கூடிய விஷயமா அது? அதுவும் ஜோவிடம். அக்கா கல்யாணமான நாளிலிருந்து மாமனை வம்புக்கு இழுப்பதே பிழைப்பாக வைத்திருப்பவன் அவன். இன்னாசி தம்ளரை வாங்கிக்கொண்டான். உயிரைவிட மானம் பெரிதென்று நினைப்பவர்களெல்லாம் உயிர் நிஜமாகவே போய்ப் பார்க்காதவர்கள்தான். இன்னாசியும் அன்று மத்தியானம் இரண்டு மணி வரை அந்தக் கூட்டத்தில் இருந்தான்.

முதல் வாயைப் பயந்துகொண்டேதான் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது வாய். மாதம் ஒன்றரைக்கு மேல் காய்ந்து கிடந்த தொண்டைக்கு அது அமிர்தமாக இறங்கியது. டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க என்று மனசு சொல்லிக்கொடுத்தது. ஜோ இன்னொன்று ஊற்றினான். அப்புறம் இன்னொன்று. டோரதி பின்கட்டுக் குழாயடியில் பிரியாணி அண்டாவைத் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தம்ளரில் முகம் எரிய ஆரம்பித்தது. காதுமடல் கொதித்தது. மூக்கு அடைத்துக்கொண்டது. பிறகு இதயம், மெதுவாக இருந்த இதயம், ஓட ஆரம்பித்தது. இன்னாசி நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தான். அது அவன் கைக்குள் அடங்கவில்லை.

'இறங்கி, நின்ன இடத்துல விழுந்துடுவாங்க.' டாக்டரின் குரல் அப்படியே கேட்டது. நிற்கக் கூடாது, உட்கார்ந்தே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அவன் கணக்குப் போட்டான். ஆனால் பயம் வந்தவனுக்கு உட்காரவா தெரியும்? டோரதியைக் கூப்பிட எழுந்தான். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேசை, பாட்டில், ஜோவின் வாய் எல்லாம் இருட்டிக்கொண்டு வந்தன. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து விழுந்தான்.

கண் திறந்தபோது டோரதியின் ஈரக் கை அவன் கன்னத்தில் இருந்தது. கையெல்லாம் சாம்பலும் சோப்பும். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நெஞ்சைப் புடிச்சிகினே உயுந்தாரு, அக்கா!" என்று ஜோ கத்தினான். "மாரடைப்பு! பாயைக் கூப்புடு! பாயி!"

எதிர்வீட்டு கமாலுதீன் பாய் அதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார். அவரும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னாசிக்கு வேலை சொல்லித்தந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்ததிலிருந்து, சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா இல்லாமல் வெளியே வர மாட்டார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. போன வருஷம் பஸ்ஸில் நெஞ்சு வலியால் துடித்த ஒருவருக்கு அதில் ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றியதாகத் தெருவில் அவருக்கு நல்ல பேர். அந்த டப்பா இப்போது அவர் கையில் இருந்தது.

இன்னாசி அதைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் எதைப் பார்த்தும் அப்படிப் பயந்ததில்லை. கம்பி அறுந்து பெட்டி தலைக்கு நேரே வந்த அன்றுகூட இல்லை.

"தள்ளு, தள்ளு. ஒண்ணும் ஆவாது. ஒரு மாத்திரை வெச்சா சரியாப்பூடும்" என்றார் பாய். வெள்ளையாகச் சின்ன மாத்திரை ஒன்று அவர் விரல் நுனியில் நின்றது.

இன்னாசி வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"வாயத் தொறய்யா!" டோரதி அவன் தாடையைப் பிடித்து அழுத்தினாள். "என் சாமி, தொறய்யா!"

தலையை ஆட்டப் பார்த்தான். தலை ஆடவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் மாத்திரை உள்ளே போய்விடும். திறக்காவிட்டால் சொல்ல முடியாது. ஜன்னலில் பத்துப் பதினைந்து தலைகள். பாட்டுக் குழு ஆர்மோனியக்காரர் தலையும் அதில் தெரிந்தது. ஜோ பொறுமையிழந்து இரண்டு விரலை அவன் உதட்டுக்குள் விட்டு நெம்பினான். இன்னாசி கடித்தான்.

"ஐயோ! கடிச்சிட்டாரு! வலிப்பு போலக்கீது பாயி, சீக்கிரம்!"

பாய் குனிந்தார். அத்தர் வாசனை முகத்தில் அடித்தது. மாத்திரை உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. இன்னாசி இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "வோணாம் பாயி. நான் மாத்திரை போட்டுகினுகீறேன்" என்றான்.

முப்பது வருஷம் கிரேன் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷனுக்குக் காது ஏது?

"இன்னாபா? உரக்கச் சொல்லு!"

"மாத்திரை போட்டுகினேன்..."

"எந்த மாத்திரை? தலைவலி மாத்திரையா? அத்தப் போட்டா ஒண்ணும் ஆவாது, நீ வாயத் தொற!"

விரல் உதட்டைத் தொட்டது. இன்னாசி கண்ணை மூடிக்கொண்டான். ஒரு பக்கம் தெரு, ஒரு பக்கம் சாவு. நடுவில் ஒரு வார்த்தை.

"ஆம்பள மாத்திரை!" என்று கத்தினான். "பொண்டாட்டிகூடப் படுக்கப் போட்ட மாத்திரை பாயி! நீல மாத்திரை! அது மேல இத்த வெச்சா செத்துடுவேன்!"

ஜன்னலில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். பாய்க்கு முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய டாக்டரும் இதையேதான் அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை அது கீழே விழுந்தது.

"யா அல்லா," என்றார். "நானே உன்னைக் கொன்னுருப்பேனேடா."

அப்புறம் அவர்தான் ஆட்டோ பிடித்தார். அரசு ஆஸ்பத்திரியில் காலை உயர்த்திப் படுக்க வைத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். டியூட்டியில் இருந்த பெண் டாக்டருக்கு மகள் வயதுதான் இருக்கும். இன்னாசி இந்த முறை அவர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் சொன்னான். மாத்திரை, பிராந்தி, எத்தனை தம்ளர், எத்தனை மணிக்கு.

"தினமும் குடிப்பீங்களா?"

"நோன்பு போக மத்த நாள் பூரா, டாக்டர்."

"நோன்புல குடிக்காம இருந்தப்போ இந்தப் பிரச்சினை இருந்துச்சா?"

இன்னாசியும் டோரதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியாது டாக்டர்," என்றாள் டோரதி. "அதுவும் நோன்புதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. பலருக்குக் குடிதான் காரணம், விட்டுப் பார்க்காமல் மாத்திரைக்குப் போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். பிறகு, "எந்த மாத்திரைன்னு நான் பாக்கணும். மிச்சம் இருக்கறதைக் கொண்டு வாங்க" என்றார். அந்தோணியார் படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று ஜோவிடம் சொல்லி அனுப்பினார்கள். கடிபட்ட விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவன் ஸ்கூட்டரில் போனான்.

அவன் போனதும் டோரதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் ஒருத்திகிட்ட சொல்ல வெக்கம் உனக்கு," என்றாள். "இப்ப தெருவுக்கே சொல்லிட்ட. எனக்கு அந்த எழவெல்லாம் வோணுமுன்னு நான் கேட்டனா? நீ உயுந்தப்போ எனக்கு இன்னா ஆச்சின்னு உனக்குத் தெரியுமா?" அதற்கு மேல் பேச முடியாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னாசி அந்தக் கையை விடவில்லை.

ஜோ திரும்பி வந்தான். மாத்திரை அட்டையை டாக்டரிடம் நீட்டினான். டாக்டர் பெயரைப் படித்து எழுதிக்கொண்டு, அட்டையைக் கட்டில்மேல் வைத்தார். இன்னாசி அதைச் சும்மாதான் பார்த்தான். அப்புறம் மறுபடி பார்த்தான்.

வாங்கினது நாலு. விழுங்கினது ஒன்று. அட்டையில் இருந்தது இரண்டு.

ஜோவைப் பார்த்தான். ஜோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குப் போன சாக்கில் அந்தப் பாட்டிலில் மீதி இருந்ததை அவன் தீர்த்திருந்தான் என்று மூச்சே சொன்னது. இன்னாசிக்கு நெஞ்சு மறுபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இந்தமுறை மாத்திரையால் இல்லை.

"ஜோ," என்றான். "ஒண்ணு எங்க?"

"எது மாமா?"

"டோரதி! உன் தம்பி பாக்கெட்ல கைய வுடு!" பாய்க்குக் கேட்கக் கத்தியதைவிட உரக்கக் கத்தினான். வார்டு முழுக்கத் திரும்பியது.

டோரதி எழுந்தாள். ஜோ பின்வாங்கினான். அவன் சட்டைப் பையிலிருந்து அவள் வெளியே எடுத்த நீல மாத்திரை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே தம்பியின் முகத்துக்கு நேராக நின்றாள்.

டாக்டர் திரும்பி ஜோவைப் பார்த்தார். "நீங்க குடிச்சிருக்கீங்களா?"

ஜோ நிமிர்ந்து நின்றான்.

"இல்ல டாக்டர்," என்றான்.

இன்னாசிக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டது. அது பெரம்பூரில் அவனே சொன்ன பதில்தான்.