ஜெயலெட்சுமி எடுத்த முறை

நூருல் ஹுதா மேசைமேல் வைத்த வேலைநீக்கக் கடிதத்தில் ஜெயலெட்சுமியின் பெயரைப் பார்த்ததும் சிவநேசனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏதோ தவறாக அச்சாகிவிட்டது என்று நினைத்தான். அப்புறம் பெயருக்குக் கீழே இருந்த காரணத்தைப் படித்தான். பார்வை குறைந்துவிட்டது, சில்லுகளில் உள்ள கீறல்களைத் தவறவிடுகிறார் என்று இருந்தது. அவனே எழுதிக் கொடுத்த வாசகம் அது.

"லைனுக்கு ஒருத்தர், சிவா அண்ணே," என்றாள் ஹுதா. பாயான் லெப்பாஸில் மின்னணுச் சில்லு செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பதும் அனுப்புவதும் அவள் கையில். "ஆர்டர் கொறஞ்சு போச்சு. போன வருஷக் கடைசியில 'டி' வாங்குனவங்க எல்லாரையும் அனுப்பச் சொல்லிட்டாங்க. மேலேருந்து வந்தது லா. நான் என்ன செய்ய?"

வருடக் கடைசியில் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் ஆட்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை போட வேண்டும். எத்தனை பேர் உயிரைக் கொடுத்து வேலை செய்தாலும் ஒருத்தருக்காவது 'டி' விழுந்தே ஆக வேண்டும் என்பது கம்பெனியின் வேதவாக்கு. சூப்பர்வைசரான முதல் வருடம் சிவநேசன் அதை மர்ஜானாவுக்குப் போட்டான். போனஸ் போனதைவிடத் தன்னை மட்டமாக எழுதிவிட்டார்களே என்று அவள் ஒரு வாரம் அழுதாள். அவனுக்கும் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் கேன்டீனில் பெண்கள் கூட்டு போடுவதைப் பார்த்தான். மாதாமாதம் எல்லோரும் பணம் போட்டு, முறை வந்தவள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். ஏன், 'டி'யையும் அப்படியே எடுத்தால் என்ன? பதினோரு பெண்கள், வருடத்துக்கு ஒருத்தி. எடுத்தவளுக்கு மற்ற பத்துப் பேரும் ஒரு மாதம் மதியச் சாப்பாடு கொண்டுவர வேண்டும்.

எட்டு வருடம் அது திருவிழா மாதிரி நடந்தது. எழுத வேண்டிய குறையைக்கூட மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்தே கண்டுபிடித்தார்கள். சித்தி ஆயிஷாவின் முறை வந்தபோது 'அதிகம் பேசுகிறார்' என்று எழுதினார்கள். அந்த ஒன்றுதான் உண்மை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மற்ற லைன்களில் 'டி' வந்தால் சண்டை, கண்ணீர், மொட்டைக் கடுதாசி. சிவநேசனின் லைனில் பிரியாணி. நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கியதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

போன வருடக் கடைசியில் நியாயப்படி அதிராவின் முறை. ஏழு மாத வயிற்றோடு நின்றவள், "இந்த வருஷம் வேணாமே அக்கா," என்றாள். ஜெயலெட்சுமிதான் சட்டென்று, "என்னோடது அடுத்த வருஷந்தானே, மாத்திக்கலாம்," என்றாள். குறையையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். "கண்ணு சரியில்லன்னு எழுதுங்கண்ணே. நாப்பத்தேழு ஆச்சுல்ல, நம்பிருவாங்க." பத்தொன்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருப்பவள். மற்றவர்கள் பார்த்து அனுப்பிய சில்லுகளை இரண்டாம் தடவை பார்க்கிற இடம் அவளுடையது. அவளுக்குக் கண் சரியில்லையாம்! அன்றைக்கு மேசையே குலுங்கியது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். பிடித்தவன் அவன்தான்.

அவன் எல்லாவற்றையும் ஹுதாவிடம் கொட்டினான். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அண்ணே, இது என் காதுல விழல. எட்டு வருஷ மார்க்கும் பொய்யின்னு நீங்க எழுதிக் குடுத்தா மொதல்ல நீங்க போவீங்க. அப்புறம் பதினோரு பேரோட ஃபைலையும் தோண்டுவாங்க. அப்பவும் ஒருத்தர் போயித்தான் ஆகணும்." இழுப்பறையிலிருந்து ஒரு அச்சடித்த பாரத்தை எடுத்து நீட்டினாள். "லெட்டர மூணு மணி வரைக்கும் அனுப்பாம வச்சிருக்கேன். பேர மாத்தணும்னா இதுல எழுதுங்க. காரணமும் வேணும்."

பத்து மணி இடைவேளையில் கேன்டீன் மேசையில் பதினோரு பேரிடமும் சொன்னான். ஏன் சொன்னான் என்று கேட்டால் அவனிடம் நேர்மையான பதில் ஒன்று இருந்தது. தான் எழுத வேண்டிய பெயரை வேறு யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற நப்பாசை. ஜெயலெட்சுமியின் கணவனுக்குக் கைகால் விழுந்து மூன்று வருடம். அவள் சம்பளத்திலும் கம்பெனியின் மருத்துவ அட்டையிலும்தான் அந்த வீடு நடக்கிறது. பிரசவ விடுப்பு முடிந்து வந்திருந்த அதிராவின் வீட்டில் கைக்குழந்தை, அவள் புருஷனுக்கு வேலை போய் மூன்று மாதம். மேசையில் இருந்த எல்லோருக்கும் இரண்டும் தெரியும்.

"யாரையும் கேக்காதீங்கண்ணே," என்றாள் ஜெயலெட்சுமி. "வாய் தெறந்து சொல்றதுன்னா அவங்களே சொல்லட்டும்."

சொல்லிவிட்டுத் தேநீரை மெதுவாகக் குடித்தாள். யாருக்காகவோ காத்திருப்பதுபோல் கடைசி மடக்கை வைத்திருந்தாள். மர்ஜானா போனைத் தடவிக்கொண்டிருந்தாள். வாயாடி சித்தி ஆயிஷா மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதிரா குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. ஜெயலெட்சுமி மிச்சத்தைக் குடித்துவிட்டு முதல் ஆளாக எழுந்தாள்.

உள்ளே, தூசு புகாத அறையில், எல்லோரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி. கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். சிவநேசன் இரண்டு தடவை அதிராவின் பின்னால் போய் நின்றான். அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. வெளியே வந்து பாரத்தில் அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதினான். அவளுக்கு என்ன குறை எழுதுவது? பிள்ளை பெற்றாள் என்றா? எழுத்தைக் கிறுக்கி அடித்தான். உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தானும் போய்விடலாம் என்றுகூட நினைத்தான். அதற்கான துணிச்சல் தனக்கு இல்லை என்பது இரண்டரை மணிக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மிச்ச அரை மணி நேரம் வெறும் பாவனைதான். தன்மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றேகாலுக்கு ஜெயலெட்சுமியை அங்கி மாற்றும் அறைக்குக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தான். அவள் முகமூடியை இறக்கிவிட்டு நிதானமாகப் படித்தாள்.

"இந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிருங்கண்ணே. நாளைக்கு வேற கம்பெனியில கேப்பாங்கல்ல. கண்ணு போனவளுக்கு யாரு வேல குடுப்பா?"

"சிஸ்டத்துல ஏறிருச்சு ஜெயா. இனிமே மாத்த முடியாதாம்."

"ஆமா. நாந்தானே சொல்லிக் குடுத்தேன்."

அவள் கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "ஏழு மணி வரைக்கும் ஷிப்ட் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு முகமூடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆறரை மணிக்கு அவள் கையைத் தூக்கினாள். சிவநேசன் போனான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"எடது மூலையில பாருங்கண்ணே, கம்பி சேர்ற எடத்துல. மயிரிழ மாதிரி ஒரு கீறல். அதிரா சரின்னு அனுப்புன டிரே."

லைனில் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பத்து ஜோடிக் கண்களும் முகமூடிக்கு மேலே இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. அதிராவின் கண்கள் சிவந்து வீங்கிக் கிடந்தன. சிவநேசன் குனிந்து கண்ணை வைத்தான். திருகைத் திருகினான். தங்கக் கம்பிகள் பளிச்சென்று வந்தன, மங்கின, மறுபடி வந்தன.

"தெரியுதாண்ணே?"

அவன் இன்னொரு தடவை திருகினான். அவள் சொன்னால் கீறல் அங்கே இருக்கத்தான் செய்யும்; அவன் கண்ணுக்குத்தான் இடது மூலை முழுவதும் ஒரே வெளிச்சமாக இருந்தது. தலையைத் தூக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.