மேல்வீட்டில் ஆள் இல்லாத வாரம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. சனிக்கிழமைச் சந்தையில், பாலாடைக்கட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி சொன்னது. "என் தோழி ஒருத்திக்கு நடந்தது" என்றுதான் ஆரம்பித்தார். தோழிக்கு நடந்ததைச் சொல்லும்போது யாருக்கும் காது சிவக்காது. அவருக்குச் சிவந்தது. குளிரில் சிவந்தது என்று விட்டுவிடலாம் என்றால், அது ஜூன் மாதம்.

பாதி சொல்லிக்கொண்டிருந்தபோதே அவருடைய முறை வந்துவிட்டது. சீரகம் போட்ட கட்டியில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே நாலு எட்டு வைத்து, "அப்புறம் உங்கள் தோழி என்ன செய்தார்?" என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து, மீதியை நானே எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். என் யோக்கியதையை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்க முடியாது அல்லவா.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"க்ரோனிங்கன் நகரம் இரவில் தூங்குவதில்லை. பார்களின் விளக்கொளி கால்வாய் நீரில் நெளிந்து..."

அடித்துவிட்டேன். சுற்றுலாத் துறையிலா சம்பளம் வாங்குகிறேன்? அடுத்தது:

"வீட்ஸ்கேவுக்குத் தீராத தலைவலி. மருத்துவமனையில் செவிலி. விடியுமுன் வேலைக்குப் போக வேண்டியவள். பாவம், அவளுடைய கணவனும்..."

இதையும் அடித்தேன். அவள் பின்னால் செய்யப்போகும் காரியத்துக்கு முன்கூட்டியே ஜாமீன் எடுக்கப் பார்த்திருக்கிறேன். தூக்கம் கெட்ட செவிலி என்றால் நீங்கள் உருகிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவளைச் செவிலி வேலையிலிருந்து நீக்கி, காதுக்கருவி விற்கும் கடையில் சேர்த்துவிட்டேன். வருகிறவர்களின் காதைச் சோதித்து, பொருத்தமான கருவியை மாட்டிவிடும் வேலை.*

(* இவ்வளவு பொருத்தமாகவா வேலை கிடைக்கும் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கிடைக்காதுதான். அவள் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காக நான் வாங்கிக்கொடுத்த வேலை அது. எப்படி என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.)

ஆக, கதையின் முதல் வரி இது: வீட்ஸ்கேவின் தலைக்கு மேல் யாரோ இடித்துக்கொண்டிருந்தார்கள்.

3

தோம், தோம், தோம். ஒரே சீராக, எலும்புக்குள் இறங்குகிற சத்தம். பெரும்பாலும் வெள்ளியும் சனியும். ஐம்பதைத் தாண்டியவள், தனி ஆள், முதல் மாடியில் குடியிருக்கிறாள். கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். பொறுக்க முடியாமல் துடைப்பக் கட்டையால் கூரையில் ஓங்கித் தட்டுவாள். சத்தம் நிற்காது. வேண்டுமென்றேதான் செய்கிறான் என்று பல்லைக் கடிப்பாள்.

பக்கத்துத் தெரு முழுக்கப் பார்கள், விடிய விடிய. அவளும் முதலில் அவற்றைத்தான் சந்தேகித்தாள். இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்று பார்த்தாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது, சத்தமே இல்லை. மேலே வந்து படுத்தால் மறுபடி தோம், தோம். வெளியே இல்லையென்றால் மேலேதான். தன் காதை அவள் அவ்வளவு நம்பினாள்.

மேல்வீட்டில் வான்னெஸ். போன இலையுதிர் காலத்தில் பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் பக்கமிருந்து எல்லை தாண்டி வந்தவர், ரயில்வேயில் வேலை. மணவிலக்கு ஆனவர். மகள் ஃபேபே ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசியில் வந்து தங்குவாள். குழந்தை வருவதும் வாரக் கடைசி, சத்தம் வருவதும் வாரக் கடைசி. கணக்கு சரியாகப் போயிற்று. குழந்தை வராத வாரமும் இடித்தபோது வீட்ஸ்கே கணக்கை மாற்றவில்லை. அப்பன்காரனே குதிக்கிறான் என்று வைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை மேலே ஏறி மணியை அழுத்தினாள்.

"ராத்திரி முழுக்க என்னதான் பண்றீங்க மேல? இடி இடின்னு இடிக்குது. மனுஷி தூங்க வேணாமா?"

"அய்யோ, வாங்க. தூக்கம் கெட்டுப்போச்சுங்களா? மன்னிச்சுக்குங்க. இனிமே நான் பாத்துக்கறனுங்க."

(இருவரும் பேசுவது ஒரே மொழிதான். மதுரைக்காரரும் கோயமுத்தூர்க்காரரும் பேசுவது எப்படி ஒரே மொழியோ அப்படி. வான்னெஸின் வாயில் கொங்குத் தமிழை வைத்தது என் ஏற்பாடு. அதைவிடப் பக்கத்தில் எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.)

நடந்தது இதுதான். கோர்ட்ரெய்க் பக்கத்தில் ஒருவர் கொதித்துப்போய் வாசலில் நின்றால் முதலில் மன்னிப்புக் கேட்பார்கள். தப்பு யாருடையது என்ற பேச்சே அப்போது எடுப்பதில்லை. வந்தவர் உட்கார்ந்து ஆறட்டும், பிறகு பார்க்கலாம். க்ரோனிங்கனில் அப்படி இல்லை. செய்யாதவன் 'நான் செய்யவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான், மன்னிப்புக் கேட்டால் செய்தவன் என்று அர்த்தம். வீட்ஸ்கே கீழே இறங்கும்போது, பரவாயில்லை, ஒப்புக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

4

இந்த இடத்தில் வான்னெஸைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். அவர் முழு உத்தமராக இருந்தால் அவள் பாடு மோசமாகிவிடும். ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கிக்கொடுத்தேன். அடுத்த புகார் வந்ததும் அதை விற்றுவிட்டார். குடிக்க வைக்கலாமா என்று யோசித்தேன். "வான்னெஸ் தள்ளாடியபடி படியேறி..." இல்லை, மெதுவாகத்தான் ஏறுகிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. என்னால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அண்டைவீட்டுச் சண்டைகளுக்குப் பஞ்சாயத்து பேச இந்த ஊரில் தன்னார்வலர்கள் உண்டு. சம்பளம் இல்லை, காபி உண்டு. வீட்ஸ்கே அவர்களை அழைத்தாள். பேட்டைக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தரை முழுக்கக் கார்ப்பெட் போடுவது, நாற்காலிக் கால்களுக்கு உறை மாட்டுவது, இருட்டிய பிறகு குழந்தை ஓடாமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் வான்னெஸ் தலையாட்டினார். உங்கள் தரப்பில் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. அவங்க தூங்குனாப் போதும்."

அவருக்கு அந்தத் தோம் தோம் கேட்கவே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டது. பார்கள் உள்ள ஊர், இப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டார். கீழ்வீட்டு அம்மாள் சொல்வது தன் காலடியை என்று நினைத்தார். ஒருவர் காலடியைப் பற்றியும் ஒருவர் இடியைப் பற்றியும் பேசி, ஒரே காபியைக் குடித்து, கைகுலுக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

அதன் பிறகு ஒருநாள் கதவிடுக்கு வழியாக வீட்ஸ்கே ஒன்றைப் பார்த்தாள். அப்பாவும் மகளும் படியேறிக்கொண்டிருந்தார்கள். வீட்ஸ்கேவின் கதவருகே வந்ததும் ஃபேபே உதட்டில் விரல் வைத்து அப்பாவை அடக்கினாள். நல்ல வளர்ப்பு என்று வீட்ஸ்கேவுக்குத் திருப்தியாக இருந்தது. திருப்தி என்று நான் முதல் வரைவில் எழுதவில்லை, 'சங்கடம்' என்று எழுதியிருந்தேன். பொய். திருப்திதான்.

5

வசந்தம் முடியும் வேளையில் வான்னெஸ் படியில் நின்று சொன்னார். ஊருக்கு வெளியே தரைத்தள வீடு ஒன்று பார்த்திருக்கிறார், சின்னதுதான், குழந்தை கூடத்தில் படுக்க வேண்டியிருக்கும். ஆனால் கீழே ஆள் இல்லை, யாருக்கும் தொந்தரவு இருக்காது. அப்படியானால் எல்லோருக்கும் நல்லது என்றாள் வீட்ஸ்கே. அதற்கு முன் ஒரு வாரம் அவர் ஊருக்குப் போக வேண்டும், அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. ஜன்னலோரத் தக்காளிச் செடிகளுக்கு யாராவது தண்ணீர் ஊற்றினால்... அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். சண்டை வேறு, செடி வேறு. இந்த ஊர் வழக்கம் அது.

அந்த வெள்ளிக்கிழமை இரவு: தோம், தோம், தோம்.

ஏதோ இயந்திரத்தை அணைக்காமல் போய்விட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு கோபத்தோடு படியேறினாள். பகலில் வந்தால் செடியைத் தவிர எதையும் பார்க்காதவள், இப்போது விளக்கைப் போட்டுத் தேடினாள். இயந்திரம் எதுவும் ஓடவில்லை. கார்ப்பெட்டின் மேல் கார்ப்பெட். நாற்காலிக் கால்கள் ஒவ்வொன்றிலும் டென்னிஸ் பந்து. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில், கரண்டி விழுந்தால் சத்தம் வராதிருக்க, மடித்துப் போட்ட துண்டு. குழந்தையின் மெத்தை கட்டிலில் இல்லை, தரையில் கிடந்தது, இறங்கும்போது குதிக்க வேண்டியதில்லை. வாசலருகே வீட்டுச் செருப்புகள், பெரியது ஒரு ஜோடி, சின்னது ஒரு ஜோடி. அடியில் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. சின்னதின் அடியில் இரண்டு மடங்கு.

தோம், தோம். இங்கே சத்தம் காலுக்குக் கீழே இருந்து வந்தது. அதாவது அவள் வீட்டிலிருந்து.

பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். அவள் வீட்டில் அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. கீழே முற்றம், முற்றத்துக்கு அப்பால் பக்கத்துத் தெருப் பாரின் முதுகு, காற்றுக்காகத் திறந்துவைத்த பின்கதவு. அங்கே பாட்டின் தாளம் அடிப்பதும் இங்கே சுவரில் அடிப்பதும் ஒன்று. பழைய வீடுகள், முற்றத்தைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிய சுவர்கள், அவற்றில் செருகிய உத்தரங்கள். சத்தம் அவற்றில் ஏறி அவள் கூரைக்கு வந்திருக்கிறது.

தாழ்ந்த சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. காதுக்கடையில் சேர்ந்த புதிதிலேயே கற்றுக்கொடுக்கும் பாடம் இது. வாடிக்கையாளர்களுக்கு அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். (அவளுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தது இதற்குத்தான்.) தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் அவள் அந்தக் கூடத்தின் நடுவில் நின்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடம்பு முழுக்கச் சுடுகிற வெட்கம்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல், காலையில் தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கு மறுபடியும் ஊற்றினாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலால் நடந்து வெளியே வந்தாள். கீழே யாரும் இல்லை. அது அவள் வீடுதான்.

6

சந்தைப் பெண்மணி இதுவரைதான் சொன்னார். இனி வருவது என் சரக்கு.

ஞாயிறு முற்பகல் வான்னெஸ் திரும்பிவிட்டார். சாவியை வாங்க வந்தவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்காக அம்மா கொடுத்தனுப்பியது என்று ஒரு பெட்டி சாக்லேட்டை நீட்டினார். புது வீட்டுக்கு நாளைக்குத்தான் கையெழுத்துப் போடப் போகிறாராம். அப்புறம் கேட்டார்:

"நான் இல்லாத இந்த ஒரு வாரமாவது நல்லாத் தூங்குனீங்களா?"

குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அவள் தூங்கியிருந்தால், அவர் வீட்டைவிட்டுப் போவதற்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

அ) "இல்ல, தூங்கல" என்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். இருவரும் சேர்ந்து பாருக்குப் போகிறார்கள். பார்க்காரர் பின்கதவைச் சாத்துகிறார். வான்னெஸ் போகவில்லை. தக்காளி பழுக்கிறது, ஃபேபே கட்டிலிலிருந்து குதிக்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. மாதக்கணக்கில் ஒரு குழந்தையை நுனிக்காலில் நடக்கவிட்டதற்கு ஒரு குவளை பீரா விலை? அடித்துவிட்டேன்.

ஆ) "எனக்கு முதல்லயே தெரியுமுங்க" என்கிறார் வான்னெஸ். மன்னித்துவிடுகிறார். இதுவும் வேண்டாம். அவர் முந்திக்கொண்டு மன்னித்துவிட்டால் இவள் வாயே திறக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இ) "நல்லாத் தூங்கினேன்" என்கிறாள். அவர் முகம் மலர்கிறது. மறுநாள் கையெழுத்துப் போடுகிறார், மாதக் கடைசியில் போய்விடுகிறார். அவரோடு அவளுடைய வெட்கமும் வண்டியேறிவிடுகிறது. படியில் இனி யார் கண்ணையும் பார்க்க வேண்டாம். மேல்வீட்டுக்குப் புது ஆள் வருகிறார். முதல் வெள்ளிக்கிழமை இரவு வீட்ஸ்கேவின் கை துடைப்பத்தை...

இந்த மூன்றாவது முடிவை எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விரல் தானாக ஓடியது. மற்ற இரண்டுக்கும் நான் எவ்வளவு முக்கினேன் என்பது எனக்குத் தெரியும். அடிக்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முகம் இல்லை.

7

ஆகையால் நான் முடிக்கப் போவதில்லை. சந்தைக்கு நான் இப்போது புதன்கிழமைகளில்தான் போகிறேன், கூட்டம் குறைவு என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அந்தப் பெண்மணி வருவது சனிக்கிழமை.

அவர்கள் இருவரையும் படியில் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன். சாவி இன்னும் அவள் கையில். சாக்லேட் பெட்டி இன்னொரு கையில். "தூங்..." என்று வாய் திறந்திருக்கிறது. அடுத்த எழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமும் இல்லை.

அவர் அந்தக் கேள்வியைக் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார். பட்டப்பகல், வெளியே தெரு பெருக்கும் வண்டி இரைந்துகொண்டு போகிறது. இருந்தும் கிசுகிசுப்புதான், பல மாதப் பழக்கம். பதிலுக்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவருக்குக் கேட்க வேண்டும்.