நாலாவது ஃபியூஸ்

“அப்பா, எல்லாத்துக்கும் பச்சையே போட்டா என்ன? அது எரியவே எரியாதே?”

எட்டு வயதில் ஷர்மினி கேட்ட கேள்வி அது. அப்பாவின் லோரிப் பட்டறையான பெங்கெலின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, லோரி ஃபியூஸ்களை நிறம் பார்த்துத் தகர டப்பாக்களில் பிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு பத்து ஆம்பியர், நீலம் பதினைந்து, பச்சை முப்பது. லோரிக்கு அடியில் படுத்திருந்த அப்பா ஐயாவு தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“ஃபியூஸ் எரியாது பாப்பா. லோரி எரியும்.”

இருபத்து மூன்று வருஷம் கழித்து, அதே பெங்கெலின் வாசலில் போட்ட கூடாரத்தின் கீழ், அவரைக் குளிப்பாட்டிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஷர்மினி கால்மாட்டில் நின்று வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவருடைய இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எவ்வளவு தேய்த்தும் கை நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. முந்தாநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

வாடகை நாற்காலிகள் அறுபது. உட்கார்ந்திருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஒருகாலத்தில் சிம்பாங் பூலாய் கல்லுமலைகளிலிருந்து இறங்கும் லோரிகள் இந்த வாசலில் வரிசை கட்டி நிற்கும். கூடுதல் விளக்கு, காத்தாடி, குளிர்பெட்டி என்று எதை மாட்ட வேண்டுமானாலும் ஐயாவுவிடம்தான் வருவார்கள். மூன்று வருஷமாக அநேகமாக யாரும் வருவதில்லை.

“ஒரு ஃபியூஸ பாத்துப் போட துப்பில்லாம போச்சே!” தலைமாட்டில் அம்மா கலாதேவி பிணத்தைப் பார்த்து அழுதாள். “உன்னால கோயிலுக்குப் போக முடியல, கடைக்குப் போக முடியல. இப்ப எங்கள விட்டுட்டு நீ மட்டும் நிம்மதியா போறியாய்யா?”

ஷர்மினி வேட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், தீபாவளிக்கு முதல் நாள். சீனி தன் காய்கறி லோரியின் கூரையில் நாலு விளக்கு மாட்டச் சொல்லியிருந்தான். வேலையை ஷர்மினிதான் பார்த்தாள். கடைசியில் நீல டப்பா காலியாக இருந்தது. சாமான் கடை அடைத்தாயிற்று. ‘ஒரு நாளைக்குத்தானே, அப்புறம் மாத்திக்கலாம்’ என்று பச்சையை அழுத்திவிட்டாள். தீபாவளி முடிந்தது. மறந்துபோனாள். ஒன்பதாம் நாள், கேமரன் மலை ஏற்றத்தில் சீனியின் இருக்கைக்கு அடியில் ஒயர் பழுத்துத் தீப்பிடித்தது. எரியும் கதவைத் தள்ளித் திறந்ததில் அவன் இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

ஆட்கள் கூட்டமாக வந்து கேட்டபோது ஷர்மினி வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா முன்னால் வந்து நின்றார். “நான்தான் மாட்டினேன். என் தப்புதான்.”

அதன்பின் ஒரு நாளும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, திட்டவுமில்லை. எப்போதாவது வரும் ஒன்றிரண்டு வேலையில் அவள் மாட்டிய ஃபியூஸ்களைச் சாயங்காலம் விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு விளக்கை அணைப்பார். அவ்வளவுதான். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சாலை முக்கில் ஒரு லோரி திரும்பியது. பகலிலேயே கூரை விளக்குகள் எரிந்தன. கூடாரத்துக்கு அருகே பிரேக் பிடித்ததும் அந்த நாலு விளக்கும் மங்கிப் பிறகு தெளிந்தன. ஷர்மினி நிமிர்ந்தாள். சீனியின் லோரி, தீக்குப் பிறகு பழுதுபார்த்தது. இப்போது அதை ஓட்டுவது அவன் தம்பி தனேஷ். காற்றில் லேசாகச் சூடான பிளாஸ்டிக் வாடை.

தனேஷ் இறங்கி, அம்மா மாரியம்மாவை இறக்கிவிட்டான். அவர்களுக்குப் பின்னால் சீனி. ஐந்து நாள் தாடி. சட்டைக் கையிலிருந்து எட்டிப் பார்த்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டிருந்தன.

மாரியம்மா அழவில்லை. பெட்டிக்குள் குனிந்து, கட்டியிருந்த கட்டைவிரல்களையே பார்த்தாள்.

“என் மவன் கையயும் இப்படித்தான் மூணு மாசம் கட்டி வச்சிருந்தாங்க. இவருக்கு வலிக்காதுல்ல. கொடுத்து வச்ச ஆளு.”

கலாதேவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“அம்மா, போதும்லா,” என்றான் சீனி. “இந்த மனுஷன் ஞாயித்துக்கிழம தவறாம வந்து எனக்கு முகம் மழிச்சு விட்டாரு. நீ கோயிலுக்குப் போன நேரமா பாத்து வருவாரு. உன் முகத்துல முழிக்கப் பயம்.”

மாரியம்மா மகனின் தாடியைப் பார்த்தாள்.

“மழிச்சா? மழிச்சா கை வந்துருமா?”

ஞாயிறு காலை அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போவது ஷர்மினிக்குத் தெரியும். அடுத்த ஊர்க் கோயிலுக்கு என்று நினைத்திருந்தாள். ஒரு விதத்தில் அதுவும் கோயில்தான்.

அவள் நகர்ந்து தனேஷ் பக்கம் போனாள். மெல்லிய குரலில், “தம்பி, லோரியில வாடை வருது. பிரேக் ஒயர்ல இருந்தா மேல் விளக்குக்கு இழுத்திருக்க? ஒரு தடவ பாத்துடறேன்” என்றாள்.

தனேஷ் சிரித்தான். சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கும்படியே சொன்னான்: “உங்க பெங்கெல்ல பாத்தது பத்தாதா அக்கா? எனக்கும் ரெண்டு கை இருக்கு, அது உறுத்துதா?”

யாரோ ‘ச்சே’ என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

பண்டாரம் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார். சீனியின் விரல்களில் அரிசி நிற்கவில்லை. எல்லாம் பெட்டியின் விளிம்பில் சிந்தியது. அவன் குனிந்து உள்ளங்கையால் அதைத் தள்ளித் தள்ளி உள்ளே விட்டான். அடுத்து ஷர்மினி. இப்போது சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு, மாரியம்மாவுக்கு, எல்லோருக்கும். அரிசியைப் பிடித்தபடி நின்றாள். உதடு பிரிந்தது. ஓடி ஒளிய இடமில்லாமல் படுத்திருந்த அந்த முகத்தைப் பார்த்தாள்.

“சீக்கிரம்மா. மழ வருது, பிண லோரி காத்திருக்கு,” என்றார் பண்டாரம்.

அரிசி விழுந்தது. பெட்டியை மூடினார்கள்.

ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குக் கிளம்பினார்கள். தனேஷும் சீனியும்கூடப் பிண லோரியில் ஏறிக்கொண்டார்கள். பெண்கள் சுடுகாடு போகும் வழக்கமில்லை. மாரியம்மாவை யாரோ உள்ளே அழைத்துப்போய்ப் பாயில் படுக்க வைத்தார்கள். மற்றவர்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். பின்பக்கம் வாளிகளின் சத்தம்.

“நீயும் குளிச்சுடு ஷர்மினி,” கலாதேவி உள்ளிருந்து கூப்பிட்டாள்.

“பெங்கெலக் கழுவிட்டு வாரேன்மா.”

பெங்கெல் மேசையில் அப்பா கடைசியாகச் செய்துவைத்த ஃபியூஸ் பெட்டி இருந்தது. நாலு வழி. யாருக்காகச் செய்தாரோ, ஆள் வரவில்லை. மூன்று இடங்களில் ஃபியூஸ் மாட்டியிருந்தார். நாலாவது காலி. அந்தப் பெட்டியைச் சேலை முந்தானையில் சுற்றி, ஒயர், கருவிகள், ஃபியூஸ்கள் கலந்து கிடந்த டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

தனேஷ் விட்டுப்போன லோரியின் கதவுப் பூட்டு உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது. முதலில் பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றினாள். பிறகு இருக்கைக்கு அடியில் படுத்து டார்ச்சை அடித்தாள். பிரேக் விளக்கின் மெல்லிய ஒயரிலிருந்து கூரை விளக்கு, காத்தாடி, போன் சார்ஜர், பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் முறுக்கி இழுத்திருந்தான். ஒயரின் தோல் உருகி இரும்பில் ஒட்டியிருந்தது. எரிந்துபோன ஃபியூஸை ஏமாற்ற, அதன் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். ஒரு மலையேற்றம் தாங்காது.

எல்லாவற்றையும் வெட்டினாள். உருகிய பிரேக் ஒயரையும் வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸையும் மாற்றினாள். பாட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர், அதன் தொடக்கத்திலேயே ஒரு பெரிய ஃபியூஸ். இரும்பு விளிம்பு உரசும் இடங்களில் ரப்பர் குழாய். அங்கிருந்து அப்பாவின் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி. காத்தாடி, சார்ஜர், பாட்டுப்பெட்டி மூன்றும் அவர் மாட்டிய ஃபியூஸ்களில் அடங்கின. கடைசியாகக் கூரை விளக்கு.

டப்பாவை மறுபடி திறந்தாள். மேலே எல்லாம் பச்சை. சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரம். தரையில் கொட்டி, ஈர விரல்களால் கிளறினாள். பச்சை, சிவப்பு, பச்சை, பச்சை. இரண்டு முறை கிளறியபின் ஒரே ஒரு நீலம் கிடைத்தது. அதை நாலாவது இடத்தில் வைத்து அழுத்தினாள். டார்ச்சைப் பிடித்து, நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அணைத்தாள்.

பாட்டரியை மாட்டிவிட்டு, கயிற்றை முன்பிருந்த அதே முடிச்சில் கட்டினாள்.

திரும்பி வந்தவர்கள் வாசலில் கால் கழுவினார்கள். தனேஷ் அம்மாவைக் கைபிடித்து லோரியில் ஏற்றினான். சீனி ஒருமுறை பெங்கெலுக்குள் எட்டிப் பார்த்தான், காலி மேசையை. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஷர்மினி பின்பக்கக் குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் கறுப்பு. வேலிக்கு அப்பால், மழை இருட்டில், லோரி கிளம்பும் சத்தம். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

சாலை முக்கில் லோரி பிரேக் பிடித்தது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. கூரையில் நாலு விளக்கும் மங்கவில்லை.