எஞ்சின் ஆறும்வரை

அந்த நீல வண்டியை வாங்குவதற்கு முன்பே அதன் எண்ணை என் தலைக்கவசத்தில் ஒட்டிவிட்டேன்.

எங்கள் மலைநகரம் மனிசாலஸில் தலைக்கவசத்தின் பின்பக்கம் வண்டியின் எண் இருக்க வேண்டும். ஓட்டுகிற வண்டியின் எண்ணும் தலையில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் போலீஸ் நிறுத்தும். எல்லோரும் வண்டி தங்கள் பெயருக்கு மாறிய பிறகுதான் எண் ஒட்டித் தரும் எவெலியோவின் கடைக்குப் போவார்கள். நான் ஞாயிறு மதியம் வண்டியைப் பார்த்துவிட்டுத் திங்கள் காலையில் அங்கே போய் நின்றேன்.

"வண்டி எங்கம்மா?" என்று எவெலியோ வாசலை எட்டிப் பார்த்தார். அங்கே என் பழைய நூறு சிசி வண்டிதான் நின்றது, பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியோடு.

"நாளைக்கு வந்துடும்."

"நிச்சயம்கூட ஆகல, அதுக்குள்ள மாப்பிள்ளை பேரைக் கையில பச்சை குத்திக்கிறீங்க."

சிரித்துக்கொண்டேதான் ஒட்டினார். வெள்ளை எழுத்துகள். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் பின்தலையை நானே பார்க்க முடியாது என்பது அன்றைக்குத்தான் ஒரு குறையாகத் தெரிந்தது.

என் வேலை வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுப்பது. பதினோரு வருடமாக விடியற்காலையில் இந்த மலைத் தெருக்களில் ஏறி இறங்குகிறேன். பெரிய வண்டி ஆசை வந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சின்ன வண்டியிலேயே லெட்ராஸ் கணவாய்க்குக் கிளம்பினேன். மேகம் தொடங்குகிற இடத்தில் அது மூச்சு வாங்கி நின்றுவிட்டது. லாரிகள் என்னைத் தாண்டி வெண்மைக்குள் ஒவ்வொன்றாகக் கரைந்து போயின. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

அதிலிருந்து தூக்கத்தில் அந்த இடத்தை அடிக்கடி கடக்கிறேன். மேகத்துக்குள் போவேன். அடியில் இருக்கும் வண்டி கனமாக, அமைதியாக, ஏதோ பெரிய மிருகம் என்னைச் சுமப்பதுபோல் இருக்கும். மறுபக்கம் வெளிச்சம் வருகிற கணத்தில் விழித்துவிடுவேன்.

"பஸ்ல போனா ஆகாதா?" என்று என் தங்கை அமான்டா கேட்டாள்.

"போனேனே. தூங்கிட்டேன்."

"அப்ப கனவுலயாவது தாண்டிட்டியே, விடு." அவள் வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு வண்டிகள்மீது மயக்கம் கிடையாது. "இங்க பாருக்கா, காலையில நீ போறதுக்கு முன்னாடி அதை ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு விக்கிறவன்கிட்ட சொல்லிடு. முதல்ல எஞ்சினைத் தொட்டுப் பாரு. சூடான எஞ்சின் பழுதைக் காட்டாம சட்டுனு பத்திக்கும். சூடா இருந்தா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். திரும்பிப் பாக்காம வந்துடு. ஆறு வருஷம் சேர்த்த காசு. தப்பா வாங்கிட்டா இன்னொரு ஆறு வருஷம்."

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் போனேன். தெரு முழுக்கப் பனிமூட்டம். அதை விற்கிற யெய்சன் என்கிற பையன் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். ஈரத்தில் நீலம் இன்னும் ஆழமாக இருந்தது.

"வாங்க, என் ராணி. உங்களுக்காகவே தொடைச்சு வச்சிருக்கேன்." எங்கள் ஊரில் விற்கிறவர்களுக்கு எல்லாப் பெண்களும் ராணிகள்தான்.

கையுறையைக் கழற்றிவிட்டு எஞ்சினின் பக்கவாட்டில் விரல்களை வைத்தேன். சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றிபோல.

"ஓட்டினியா, தம்பி?"

"ஐயோ, இல்ல ராணி. வெயில்ல நின்னுச்சு, அதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீடே தெரியவில்லை. அவனும் பார்த்தான். இருவரும் சற்று நேரம் அந்த வெயிலைத் தேடினோம்.

அப்போதே போயிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கைகளைத் தொட்ட விரல்கள் இவை. நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது, யார் பயப்படுகிறார்கள், யார் வெறும் வயிற்றில் இருப்பதாகப் பொய் சொல்கிறார்கள் என்று இவற்றுக்குத் தெரியும். என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியாமல் இருக்கவேண்டியிருந்தது. நோயாளிகள் பரிசோதனை முடிவு இருக்கும் உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எரிச்சல் வந்ததுண்டு.

"ஆறட்டும். இருக்கேன்," என்றேன்.

"ரெண்டு மணி நேரம் ஆகும் ராணி."

"பரவாயில்ல."

அவன் ஒரு கோப்பைக் கறுப்புக் காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் வண்டியின் பக்கத்தில், நடைபாதையில் உட்கார்ந்தேன். ஆறுகிற இரும்பு டிக், டிக் என்று சின்னச் சின்னதாகச் சத்தமிட்டது. கண்களை மூடினேன். கணவாய்க்கு அதன்மேல் ஏறிப் போனேன். அங்கே எல்லோரும் செய்வதுபோலக் குளிரில் நின்று சூடான வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டியைப் போட்டுக் குடித்தேன். மறுபக்கம் இறங்கினேன், மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற அளவுக்கு வெப்பம் கூடிக்கொண்டே வந்தது. மாம்பழ வாசனை வந்தது. இத்தனையும் அந்த நடைபாதையிலேயே நடந்தது. எனக்கு வேண்டியதையெல்லாம் அந்த வண்டி அசையாமல் நின்றே கொடுத்துவிட்டது. அதுதான் அதன் திறமை என்று மெல்லப் புரிந்தது.

சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. மறுபடி தொட்டபோது எஞ்சின் கல்போலக் குளிர்ந்திருந்தது.

யெய்சன் வந்து பட்டனை அழுத்தினான். சுற்றியது, பற்றவில்லை. ஏழாவது தடவை பற்றியது. உள்ளே யாரோ இரும்புக் கரண்டியால் தட்டுவதுபோல ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை எழுந்து பனியோடு கலந்தது. வண்டியின் நிறமே கரைந்து போவதுபோல இருந்தது.

"குளிருக்கு அப்படித்தான், ராணி. எனக்குக்கூடக் காலையில இருமல் வருது."

"அப்ப நீயும் டாக்டரைப் பாரு," என்று சொல்லிவிட்டு என் சின்ன வண்டியை எடுத்தேன்.

பாலத்தின் அருகே போலீஸ்காரர் கைகாட்டினார். வண்டி எண்ணைப் பார்த்தார், என்னைச் சுற்றி நடந்து வந்து தலையைப் பார்த்தார்.

"இது எந்த வண்டியோட நம்பர்?"

"நான் வாங்காத வண்டியோடது, சார்."

அவர் முகத்தில் சிரிப்பும் கோபமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. "வாங்காத வண்டிக்கு என்ன அபராதம்னு எங்க புத்தகத்துல இல்லம்மா. இங்கேயே உரிச்சிடுங்க. உங்க நம்பரைச் சாயங்காலத்துக்குள்ள ஒட்டிக்குங்க."

சாலையோரத்தில் நின்று நகத்தால் உரித்தேன். ஒவ்வொரு எழுத்தும் முழுசாக வராமல் கிழிந்து வந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நகம்தான் வலித்தது.

மூன்று வாரம் கழித்து, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வில்லாமரியாவில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியின் வண்டியைப் பார்க்கப் போனேன். நீல வண்டியைப்போல அறுநூற்றைம்பது சிசி அல்ல, நானூறுதான். மங்கிய பச்சை. இருக்கையின் ஒரு ஓரம் கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்தன. அந்த ஞாயிறு ஏறிப் பார்த்தபோது நீல வண்டியில் நுனிவிரலில் நின்றிருந்தேன் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"லெட்ராஸ் ஏறுமா?" என்று கேட்டேன்.

"போன மாசம் மாவு மூட்டையோட ஏறுச்சு. வேகமாப் போகாது. ஆனா வழியில நிக்காது."

கையுறையைக் கழற்றித் தொட்டேன். விடியற்காலை அந்த எஞ்சினுக்குள் அப்படியே இருந்தது. விரல் நுனி மரத்துப்போகிற குளிர்.

அவர் பட்டனை அழுத்த, மூன்றாவது தடவையில் கரகரத்த குரலில் பற்றியது. பிறகு ஒரே சீராக. கனவில் கேட்ட சத்தம் அல்ல இது. கொஞ்சம் வயதான, தூக்கம் கலைந்த சத்தம். நான் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையின் கீழே குளிர் மெல்ல விட்டுக்கொடுத்தது. முதலில் ஒன்றுமில்லாத ஒரு மிதம், பிறகு வெதுவெதுப்பு.

"சுட்டுக்கப் போறீங்கம்மா, கையை எடுங்க," என்றார் ரொட்டிக்கடைக்காரம்மா.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.