ஒன்பது மாத விதி

என் பெயர் ஆசீர். உறையூரில் வீடு. இணையக் கலைக்களஞ்சியத்தில் அடுத்தவர் எழுதும் கட்டுரைகளில் குற்றம் கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. கையால் பிடித்து மாளவில்லை என்று அதற்கொரு கருவியே எழுதினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் போதும். கட்டுரையின் ஓரத்தில் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும் தகவல் பெட்டியைத் துருவி, விட்டுப்போனதையும் பொருந்தாததையும் சிவப்பில் காட்டும். "வீட்டுல குழாய் ஒழுகுறது மட்டும் அதுக்குத் தெரியாதா?" என்று என் மனைவி லிசி கேட்டாள். மேதைகளின் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

கருவியில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. இரட்டையர் நீங்கலாக, ஒரு தாய்ப் பிள்ளைகளின் பிறந்த தேதிகளுக்கு நடுவே ஒன்பது மாதமாவது இருக்க வேண்டும். இதை எழுதிய அன்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

விதியில் முதலில் மாட்டியவர் மாரியாயி. எழுபதுகளில் நீளம் தாண்டுதலில் மாநிலப் பதக்கம் வாங்கியவர். அண்ணன் பிச்சமுத்து ஓட்டக்காரர்; அவருக்கும் கட்டுரை உண்டு. அண்ணன் பிறந்தது 1950 மார்ச் 10, தங்கை அதே ஆண்டு ஜூன் 1. எண்பத்து மூன்றே நாள்! துள்ளிக் குதித்தேன். யாரையும் கேட்காமல், தங்கையின் கட்டுரையில் 'பிறந்த தேதி நம்பத்தக்கதல்ல' என்று பட்டை ஒட்டினேன்.

பத்தாம் நாள் அவர் மகள் யமுனா போனில் பிடித்தாள். மூத்தோர் தடகளத்தில், எழுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் அம்மா பேர் கொடுத்திருந்தாராம். அமைப்பாளர்கள் என் பட்டையைப் பார்த்து, வயதில் வில்லங்கம் என்று நிறுத்திவைத்துவிட்டார்களாம்.

"ஆறு மாசமா தெனமும் பயிற்சி பண்றாங்க சார். நாளன்னிக்குப் போட்டி."

உடனே ஸ்ரீரங்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு பஸ் பிடித்தேன். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைத் திறந்த மாரியாயி என்னைவிட அரையடி உயரம்.

"ரெண்டு தேதியும் பொய்தான் தம்பி," என்று சிரித்தார். "வையம்பட்டி ஸ்கூல்ல சேர்க்கறப்ப தேதி யாருக்குத் தெரியும்? தலைக்கு மேல கையக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதத் தொடணும். தொட்டா அஞ்சு வயசு. அண்ணன் குள்ளம். ரெண்டு தடவை எட்டலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது வருஷம் நானும் கூடப் போனேன். எனக்கு மொத தடவையே எட்டிருச்சு. ஒரே தேதி போட்டா ரெட்டைப் பிள்ளைனு நெனைப்பாங்கன்னு ஹெட்மாஸ்டரே எனக்கு மூணு மாசம் தள்ளிப் போட்டாரு. அன்னிலேருந்து எல்லா சர்ட்டிபிகேட்லயும் அதே தேதிதான்."

இப்படி ஒரு ஹெட்மாஸ்டரை என் விதி எதிர்பார்க்கவில்லை. அங்கேயே பட்டையை நீக்கிவிட்டு அமைப்பாளருக்குப் போன் போட்டேன்.

"நீங்களே ஒட்டுவீங்க, நீங்களே எடுப்பீங்க. நாங்க எதை நம்பறது?" என்றார் அவர். "தப்பு உங்களுதுன்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள வந்தா பேரச் சேர்த்துடறேன்."

யமுனா காகிதம் கொடுத்தாள். நாலாயிரம் கட்டுரைகளில் பிறர் தவறைச் சுட்டியவன், என் விதி தவறு, மாரியாயி அம்மாள் மீது பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு நீட்டினேன்.

மாரியாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு தம்பி. தேதி மட்டும் போடலியே."